முந்நூறு வெள்ளியில் நாலு பேருக்கு இயர்பட்ஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

குடும்பம் ஒன்று. காதில் மாட்ட வேண்டியவர்கள் நாலு பேர். கையில் இருப்பது முந்நூறு வெள்ளி, அதாவது முந்நூறு மலேசிய ரிங்கிட்.

கேட்டு வந்தவர் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில், தாமான் வீட்டில் இருக்கும் ஓர் அக்கா. ரவாங் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. "தம்பி, ஒரே மாதிரி நாலு செட்டு எடுத்து வைங்க. எழுவத்தஞ்சு வெள்ளிக்குள்ள இருந்தா போதும்" என்றார். கணக்கு சரிதான், முந்நூறை நாலால் வகுத்தால் அதுதான் வரும். ஆனால் அந்த நாலு பேரும் நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று விசாரித்தபோது, ஒரே மாதிரி நாலு வாங்கினால் அதில் குறைந்தது இரண்டு மேசை இழுப்பறைக்குத்தான் போகும் என்று பட்டது. கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் கண்ணில் அப்படி இழுப்பறைக்குப் போன இயர்பட்ஸ் நிறையப் படும். அதனால் கடையில் இருந்ததையும் இரவுச் சந்தையில் வாங்கியதையும் சேர்த்து ஐந்து ஜோடியை அந்த வீட்டாரிடமே கொடுத்துப் புழங்கவிட்டோம். ஆளுக்கு ஆள் புது ரப்பர் முனை மாட்டித்தான் கொடுத்தேன், அதில் சமரசம் இல்லை.

2025 பிப்ரவரி முதல் இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். முந்நூறு என்பது அதில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். இணையத்தில் வரும் விமர்சனங்களில் "இந்த விலைக்கு என்ன எதிர்பார்க்க முடியும்" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள். பேக்டரிச் சம்பளத்தில் வீடு நடத்துகிறவரிடம் அப்படிச் சொல்ல முடியாது.

ஊரும் ஆட்களும்

பெஸ்தாரி ஜெயா என்றால் பழைய பத்தாங் பெர்ஜுந்தை. பெயர் மாறியது 2007-இல். சுற்றிலும் செம்பனை. மலேசியாவில் வாணிபத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917-இல், இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அக்காவின் அப்பா அப்படியொரு தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே குலை வெட்டி ஓய்வு பெற்றவர். அக்காவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், இன்னும் தோட்டத்தை விடவில்லை, குலைகளை ஆலைக்கு ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அக்கா விடியுமுன் பேக்டரி பஸ் ஏறுகிறார். மகன் படிவம் ஐந்து, எஸ்பிஎம் அரசுத் தேர்வு எழுதப் போகிறவன்.

இந்த ஊரின் சத்தமே வேறு, அதைச் சொல்லாமல் இயர்பட்ஸ் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பழைய டீசல் பஸ்ஸின் உறுமல் ஒரு பக்கம். குண்டும் குழியுமான லேட்டரைட் பாதையில் லோரியின் கடகடப்பு இன்னொரு பக்கம். தோட்டத்துக்குள் போனால் எதிர்மாறு: சுவரே இல்லாத வெளி, ஆள் குரல் கேட்டால்தான் பாதுகாப்பு. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து செய்த சோதனை முடிவுகளை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது.

எந்த ஜோடிக்கும் பெயர் போடப்போவதில்லை. மாடல் ஆறு மாதத்தில் மாறிவிடும், பெயரை நம்பி வாங்கப் போகிறவருக்கு வேறொன்றுதான் கிடைக்கும். அடையாளத்துக்கு எழுத்து வைத்துக்கொள்வோம். அ: இரவுச் சந்தையில் 25 வெள்ளிக்கு வாங்கியது. ஆ: 59 வெள்ளி, ரப்பர் முனையோடு காதுக்குள் நுழையும் வகை. இ: 65 வெள்ளி, ரப்பர் முனை இல்லாமல் காது மடலில் தொங்கும் வகை, நீண்ட தண்டு. ஈ: 109 வெள்ளி, வெளிச்சத்தத்தைக் குறைக்கும் ஏஎன்சி உள்ளது. உ: 139 வெள்ளி, ஏஎன்சியோடு எல்டேக் எனும் உயர்தர ஒலி அனுப்பும் முறை, ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் வசதி எல்லாம் சேர்த்தது.

முதலில் தராசு

அ ஜோடியின் அட்டையில் பேட்டரி கொள்ளளவு 2000 எம்ஏஎச் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. காதில் மாட்டுவதற்கு முன்பே அதை அடுப்படித் தராசில் வைத்தேன். இந்த வகை லித்தியம் பேட்டரி ஆயிரம் எம்ஏஎச்சுக்கு ஏறக்குறைய இருபது கிராம் கனக்கும். இரண்டாயிரம் என்றால் பேட்டரி மட்டுமே நாற்பது கிராம் பக்கம் வர வேண்டும். பிளாஸ்டிக், மின்பலகை, இரண்டு பட்ஸ் எல்லாம் சேர்த்தே அந்தச் சார்ஜ் பெட்டி 37 கிராம் காட்டியது. பின்னால் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்த பேட்டரியில் 250 என்று அச்சாகியிருந்தது. கடையில் சந்தேகம் வந்தால் பெட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமே பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

அதே அட்டையில் சிரிம் என்ற தரச்சான்று நிறுவனத்தின் சான்றுக்கான முத்திரை எங்கும் இல்லை. மலேசியாவில் புளூடூத் உட்பட ரேடியோ அலை அனுப்பும் கருவிகளை விற்க வேண்டுமானால் சிரிம் வழியாகச் சான்று பெற்று, தொடர்பு பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் முத்திரை போட்டிருக்க வேண்டும். முத்திரை இருப்பதால் பாட்டு இனிமையாகிவிடாது. ஆனால் யாரோ ஒருவர் இந்த நாட்டில் அந்தச் சரக்குக்குப் பொறுப்பேற்றிருக்கிறார் என்று அர்த்தம். பழுதானால் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது.

மற்ற நாலு ஜோடியிலும் எம்ஏஎச் கணக்கு பொய்யில்லை. ஆனால் மணிக்கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் படிக்க வேண்டும். "மொத்தம் 30 மணி நேரம்" என்றால் காதில் ஒரே மூச்சில் முப்பது மணி நேரம் ஓடும் என்பதல்ல. பட்ஸ் ஆறு மணி நேரம் ஓடும், பெட்டி அதை மேலும் நாலு தடவை நிரப்பும் என்று கூட்டிச் சொல்வது. அந்த நாலும் முழுசாக நாலா என்றால் அதுவும் இல்லை. பட்ஸ் ஒன்றுக்கு 40 எம்ஏஎச், பெட்டிக்கு 400 என்று வைத்துக்கொண்டால் காகிதத்தில் ஐந்து தடவை நிரம்ப வேண்டும். பெட்டியின் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டுக்கு உயர்த்தி, அங்கிருந்து பட்ஸுக்குள் மறுபடி இறக்கும்போது மூன்றில் ஒரு பங்கு சூடாகப் போய்விடுகிறது. நிஜத்தில் மூன்று, மூன்றரை தடவைதான். ஏஎன்சியைப் போட்டுவிட்டால் அந்த ஆறு மணி நேரமும் நாலு, நாலரைக்கு இறங்கும். அட்டையில் இருப்பது ஏஎன்சி அணைத்து, சத்தத்தைப் பாதியில் வைத்து எடுத்த எண்.

அக்காவுக்கு இந்தக் கணக்கு பெரிதாக ஒன்றுமில்லை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் பட்ஸ் பெட்டிக்குள் கிடக்கிறது. ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் கேட்கிற ஆள் அந்த வீட்டில் யாருமே இல்லை. ஆகவே பேட்டரி எண்ணுக்காகப் பத்து வெள்ளி கூடக் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் முதல் முடிவு.

பாட்டு யாருக்கும் குறையவில்லை

பாட்டு கேட்டுப் பார்க்க உறுமி மேளம், நாதஸ்வரக் கச்சேரி, செய்தி வாசிப்பு மூன்றையும் வைத்துக்கொண்டோம். உறுமியின் அடிச்சத்தம் இழுபட்டு வளையும், காதில் பட்ஸ் சரியாக அடைக்கவில்லை என்றால் அந்த இழுப்பு காணாமல் போய்த் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கும். நாதஸ்வரம் உச்சத்தில் காதைக் குத்தினால் மேல் சுருதியை வேண்டுமென்றே தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். செய்தி வாசிப்பு எழுத்துகள் தெளிவாக வருகின்றனவா என்று பார்க்க.

அ ஜோடியைத் தவிர மற்ற நாலிலும் பாட்டு போதுமான அளவுக்கு நன்றாகவே இருந்தது. 59-க்கும் 139-க்கும் இடையே வித்தியாசம் உண்டு, ஆனால் எண்பது வெள்ளி வித்தியாசம் இல்லை. பையன் முதலில் ஆ ஜோடியைக் கேட்டு "பேஸ் இல்லண்ணே" என்று முகம் சுளித்தான். முனையை நடுத்தர அளவிலிருந்து பெரிய அளவுக்கு மாற்றிக் கொடுத்ததும் அதே ஜோடி அவனுக்குப் பிடித்துவிட்டது. அவன் இடது காதுக்குப் பெரிய முனை, வலது காதுக்கு நடுத்தரம். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 10 மில்லிமீட்டர் ஒலிபெருக்கி, 13 மில்லிமீட்டர் ஒலிபெருக்கி என்று அட்டையில் போடும் எண்களைவிடப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் கிடக்கும் அந்த உபரி முனைகள்தான் அடிச்சத்தத்தைத் தீர்மானிக்கின்றன. பலர் அந்த உறையைப் பிரிப்பதே இல்லை.

உ ஜோடியின் எல்டேக் நொடிக்கு 990 கிலோபிட் வரை ஒலித்தரவை அனுப்பும். கேட்க நன்றாக இருக்கிறது. குலுங்கும் பஸ்ஸில், பாதித் தூக்கத்தில் அந்த நுணுக்கம் யாருக்குத் தெரியும்? ஐபோனில் எல்டேக் வேலையே செய்யாது. அக்காவிடம் இருப்பது ஐபோன், யாரோ வைத்திருந்ததை வாங்கியது.

அழைப்புதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்

எங்கள் நேரத்தில் பெரும்பகுதி இதில்தான் போனது. ஜோகூரில் படிக்கும் மூத்த மகளுக்குத் தினமும் அழைப்பு போகும் வீடு அது. ஆகவே அவளையே நடுவராக்கினோம். அக்கா பஸ்ஸிலிருந்து, அண்ணன் ஆலை வாசலிலிருந்து, நான் பெரிய சாலை ஓரத்து ஒட்டுக்கடையிலிருந்து, ஒவ்வொரு ஜோடியாக மாற்றி மாற்றிப் பேசினோம். எந்த ஜோடி என்று அவளிடம் சொல்லவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்லச் சொன்னோம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏஎன்சி, இஎன்சி இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். ஏஎன்சி உங்கள் காதுக்கு: வெளியே வரும் சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அழிக்கும். இஎன்சி மறுமுனையில் இருப்பவருக்கு: உங்கள் குரலைத் தனியே பிரித்து அனுப்பப் பார்க்கும். இஎன்சி மட்டும் உள்ள ஜோடியை மாட்டிக்கொண்டு "பஸ் சத்தம் அப்படியேதான் கேக்குது, பழுது" என்று கொண்டுவந்து போட்டவர்கள் உண்டு. பழுதில்லை. அது செய்யாத வேலையை அதனிடம் கேட்டிருக்கிறார்கள். அட்டையில் "இஎன்சி" என்று சின்னதாக அச்சிட்டு, "சத்தம் குறைப்பு" என்று பெரிதாகப் போட்டால் வாங்குகிறவர் வேறு எப்படி நினைப்பார்?

மகளின் தீர்ப்பு எங்கள் எல்லாரையும் புரட்டிப் போட்டது. 139 வெள்ளி ஜோடியில் சாலைச் சத்தம் சுத்தமாக இல்லை, ஆனால் அதோடு சேர்த்து அம்மாவின் வார்த்தைகளையும் விழுங்கிவிட்டது. "அம்மா தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு." 65 வெள்ளி இ ஜோடியில் பின்னணியில் லோரி சத்தம் கேட்டது, ஆனால் சொன்னது அத்தனையும் புரிந்தது. அதன் தண்டு நீளம், மைக் வாய்க்குக் கொஞ்சம் நெருக்கம். குட்டையாகக் காதுக்குள் பதுங்கிக்கொள்ளும் ஆ ஜோடி வீட்டுக்குள் பரவாயில்லை, சாலையோரத்தில் தோற்றது. ஈ நடுத்தரம். அ ஜோடியில் மகள் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பொறுக்காமல் வைத்துவிட்டாள்.

அழைப்பு வந்ததும் சத்தத்தின் தரம் தானாக இறங்குவதையும் பலர் பழுதென்று நினைக்கிறார்கள். பாட்டு போவது ஒரு வழிப்பாதை. அதில் ஒலியை நொடிக்கு 44,100 தடவை மாதிரி எடுத்து அனுப்ப இடமுண்டு. மைக் திறந்தவுடன் புளூடூத் வேறொரு முறைக்கு மாறுகிறது. அது இருவழிப் பேச்சுக்கானது, பழைய முறையில் 8,000 தடவை, புதிய முறையில் 16,000 தடவைதான். பையன் விளையாட்டில் நண்பர்களோடு பேச மைக்கைத் திறந்ததும் துப்பாக்கிச் சத்தமெல்லாம் டப்பாவுக்குள் போனது இதனால்தான். விலை கூடினாலும் இந்த வகையில் இது பெரிதாக மாறவில்லை.

திடலில் தெரிந்தது

கடைக்குள் எல்லா ஜோடியும் அறுபடாமல் ஓடின. அண்ணன் இ ஜோடியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனபோது, லோரியை விட்டு இறங்கி நடந்தால் இடது பக்கம் விட்டு விட்டுக் கேட்பதாகச் சொன்னார். கடைக்கு வந்தால் ஒழுங்காக ஓடுகிறது. சரி, பள்ளித் திடலுக்குப் போய்ப் பார்ப்போம் என்று போனோம். நடுத்திடலில் நின்றதும் அவர் சொன்னது போலவே அறுந்தது.

காரணம் இதுதான். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுகிறது. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது இந்த அலையை நன்றாக உறிஞ்சிவிடும். கைப்பேசி வலது பின்பாக்கெட்டில் இருந்தால் இடது காதுக்கு நேர்வழி இல்லை, உடம்பு மறிக்கிறது. அறைக்குள் சுவரும் கூரையும் அலையைத் திருப்பி அடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். திடலிலும் தோட்டத்து வெளியிலும் திருப்பி அடிக்க ஒன்றுமில்லை. கைப்பேசியைச் சட்டைப் பாக்கெட்டுக்கு மாற்றினார், அறுபடுவது நின்றது.

ஐந்தில் இந்தத் திடல் சோதனையில் மோசமானவை அ, இ இரண்டும். ஆ ஒரு தடவை திணறியது. ஈ, உ இரண்டும் பின்பாக்கெட்டிலிருந்தே சமாளித்தன. இதில் கவனிக்க வேண்டியது, இ ஜோடியின் அட்டையில் புளூடூத் 5.4 என்றும் ஈ ஜோடியில் 5.3 என்றும் இருந்தது. 5.3 வந்தது 2021-இல், 5.4 வந்தது 2023-இல். புது எண் இருந்த ஜோடிதான் அறுந்தது. அந்த எண் சிப்புக்குள் எந்த விதிமுறை எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஆன்டெனாவை எவ்வளவு அக்கறையாக வைத்தார்கள் என்பது அதில் வராது.

தோட்டத்தைப் பற்றி ஒன்று. செம்பனைக் குலை ஒன்று பத்து, இருபது கிலோ இருக்கும். வெட்டுகிறவர் சத்தம் கொடுப்பார், கீழே நிற்பவர் விலக வேண்டும். லோரியைப் பின்னால் எடுக்கும்போதும் அப்படியே. இறங்கி ஏற்றும் இடத்தில் காதில் எதுவுமே வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னேன். ஓட்டும்போது அழைப்புக்கு ஒரு காதில் மட்டும், அதுவும் காதை அடைக்காத வகை. ஏஎன்சி உள்ளதை அவருக்குச் சும்மா கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளக் கூடாது.

பஸ்ஸுக்குள் ஏஎன்சி

அக்காவின் கதை நேர் எதிர். டீசல் இஞ்சினின் சத்தம் தாழ்ந்தது, சீரானது. ஏஎன்சிக்கு மிகத் தோதான எதிரி. ஈ ஜோடியை மாட்டியதும் அந்த உறுமல் பாதிக்கு மேல் அடங்கியது. பின் இருக்கையில் பேசிக்கொண்டே வருகிறவர்களின் குரல் அடங்கவில்லை, ஏனென்றால் பேச்சு உயர்ந்த சுருதி, நொடிக்கு நொடி மாறுவது. "இஞ்சின் சத்தம் போச்சு தம்பி, ஆனா அவங்க பேசுறது இப்பதான் தெளிவா கேக்குது" என்று அக்கா சிரித்தார். அட்டையில் "50 டெசிபல் வரை" என்று போட்டிருந்தால் அது ஏதோ ஓர் அலைவரிசையில் கிடைத்த உச்சம், எல்லாச் சத்தத்துக்கும் அல்ல.

தூங்கத்தான் வாங்குகிறார் என்றாலும் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. முன்பு கம்பியுள்ள சாதாரண இயர்போனில் பஸ் சத்தத்தை மீறிக் கேட்க ஒலியைக் கடைசிவரை ஏற்றி வைப்பாராம். ஏஎன்சியோடு பாதியில் நிறுத்திக்கொண்டார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு நாற்பது மணி நேரம், 80 டெசிபலில். பிள்ளைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது, 83-இல் இருபது மணி நேரம், 86-இல் பத்து. இப்படிக் குறைந்துகொண்டே போகும். பஸ்ஸில் முழு ஒலியில் கேட்கிறவர் இந்த வரம்பை வாரத்தின் நடுவிலேயே தாண்டிவிடக்கூடும். அந்தக் கணக்கில் பார்த்தால் ஏஎன்சிக்குக் கொடுத்த கூடுதல் ஐம்பது வெள்ளியை அவர் விஷயத்தில் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன்.

வியர்வை, மழை பற்றிச் சுருக்கமாக. ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும், ஐபிஎக்ஸ்5 என்றால் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். எக்ஸ் இருக்கும் இடத்தில் தூசிக்குச் சோதனை விவரம் தரப்படவில்லை என்று பொருள். இந்தச் சான்று பெரும்பாலும் பட்ஸுக்குத்தான், பெட்டிக்கு இல்லை. அதோடு அது நல்ல தண்ணீரில் செய்த சோதனை. வியர்வையில் உப்பு இருக்கிறது.

ஐயாவின் ரேடியோ

அக்காவின் அப்பாவுக்கு வேண்டியது மின்னல் எஃப்எம், அவ்வளவுதான். காலையில் பசியாறும்போது தொடங்கினால் மதியம்வரை ஓடும். அவர் கையில் பழைய ஆண்ட்ராய்டு, அதில் எஃப்எம் ரேடியோ உண்டு, 3.5 மில்லிமீட்டர் துளையும் உண்டு. வயர்லெஸ் மாட்டியதும் ரேடியோ "இயர்போனைச் சொருகவும்" என்று கேட்டது. கைப்பேசி ரேடியோவுக்கு இயர்போன் கம்பிதான் ஆன்டெனா. கம்பி இல்லையென்றால் அலையைப் பிடிக்க வழியில்லை. ஆர்டிஎம் கிளிக் செயலி வழியாக இணையத்தில் கேட்கலாம், ஆனால் அவருடையது கொஞ்சமாக டேட்டா போட்டு ஓட்டும் ப்ரீபெய்ட். நாள் முழுக்க ஓடினால் தாங்காது.

அதோடு பட்ஸை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது கீழ விழுந்தா நான் எங்கப்பா தேடுவேன்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பன்னிரண்டு வெள்ளிக்குக் கம்பி இயர்போன் ஒன்றைக் கொடுத்தோம். சொருகியதும் மின்னல் வந்தது, மனிதர் முகமும் மலர்ந்தது. டிவியை மிகச் சத்தமாக வைக்கிறார் என்று அக்கா குறைப்பட்டதால், அரசாங்க கிளினிக்கில் காதைப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறேன். இயர்பட்ஸின் ஒலியை ஏற்றிக் கொடுப்பது அதற்கு மருந்தாகாது.

பங்கு பிரித்தது

அக்காவுக்கு ஈ, 109. அண்ணனுக்கு இ, 65. அழைப்பில் குரல் தெளிவு, காதை அடைக்காது, கைப்பேசியைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டால் அறுபடாது. மகனுக்கு ஆ, 59. ஆன்லைன் டியூஷனுக்கு அது தாராளம். விளையாட்டுக்கு மட்டும் டைப்-சி கம்பி இயர்போன் தனியாக, 19 வெள்ளி. படம் பார்க்கும்போது செயலி படத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தி ஒலியோடு ஒட்டிவிடும், ஆகவே உதடும் பேச்சும் பொருந்தும். விளையாட்டில் அப்படி முடியாது, விரல் பட்டதும் சத்தம் வர வேண்டும். சாதாரண புளூடூத்தில் ஐந்தில் ஒரு நொடி அளவுக்குப் பிந்தலாம். "கேம் மோட்" அதைக் குறைக்கும், ஆனாலும் பையன் கம்பிக்கே ஓட்டுப் போட்டான். ஐயாவுக்குப் பன்னிரண்டு.

மொத்தம் 264. மீதி 36 வெள்ளி அக்கா கைக்கே போனது. உ ஜோடி கடை அலமாரிக்குத் திரும்பியது. இரண்டு கருவிகளில் மாறி மாறி வேலை பார்க்கும் அலுவலகக்காரர் யாராவது வந்தால் அவருக்கு அது சரியாக இருக்கும்.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் ஆ, ஈ இரண்டும் சில வெள்ளி மலிவாகக் கிடைத்திருக்கும். அக்காவும் அதைக் காட்டிக் கேட்டார், நியாயமான கேள்விதான். 2024 ஜனவரி முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிச் சரக்குக்கு இணையத்தில் வாங்கினாலும் பத்து விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது. அதைச் சேர்த்ததும் வித்தியாசம் ஒரு தே தாரேக் காசுக்கு வந்துவிட்டது. உத்தரவாதத்துக்காக அதை விட்டுக்கொடுக்கலாம்.

சில மாதம் கழித்து

அக்காவின் வலது பட்ஸ் சத்தம் குறைந்துவிட்டதென்று வந்தார். குறை ஒலிபெருக்கியில் இல்லை, வலைக்கம்பியில் காதழுக்கு அடைத்திருந்தது. உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, முனையைக் கழற்றிக் கழுவியதும் சரியாகிவிட்டது. ஊசியால் குத்தாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். குத்தி வலையைக் கிழித்துக்கொண்டு வருகிறவர்களே அதிகம்.

மகனின் ஜோடிக்குப் பெரிய சிக்கல். புட்சால் ஆடிவிட்டு வியர்வையோடு அப்படியே பெட்டிக்குள் போட்டிருக்கிறான். இடது பட்ஸின் சார்ஜ் புள்ளிகளில் பச்சை படிந்து, சார்ஜ் ஏறவில்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்ததில் கொஞ்ச நாள் ஓடி மறுபடி நின்றது. உத்தரவாதத்துக்கு அனுப்பினோம். இறக்குமதி செய்தவர் முதலில் தண்ணீர் பட்டதென்று மறுத்தார். அட்டையிலேயே ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருக்கிறது, உடற்பயிற்சி செய்கிறவர் படமும் போட்டிருக்கிறது என்று படம் பிடித்து அனுப்பிய பிறகு இடது பட்ஸை மட்டும் மாற்றித் தந்தார்கள். மறுத்தே இருந்திருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனு செய்ய ஐந்து ரிங்கிட் கட்டணம், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள். 59 வெள்ளிக்கு யார் அவ்வளவு தூரம் போவார்கள் என்று கேட்கலாம். போகும் எண்ணம் உண்டு என்று தெரிந்தாலே பல இடங்களில் பேச்சின் தொனி மாறிவிடுகிறது.

பழுதுபார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சார்ஜ் பெட்டியின் பேட்டரி தளர்ந்தால் என்னால் மாற்ற முடியும். பட்ஸின் பேட்டரி அப்படியில்லை. பிளாஸ்டிக்கைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், வெட்டித்தான் திறக்க வேண்டும், திறந்ததைப் பழையபடி மூட முடியாது. தினமும் புழங்கினால் இரண்டு, மூன்று ஆண்டில் அந்தச் சின்னப் பேட்டரி களைத்துவிடும். பகல் வெயிலில் லோரிக்குள் விட்டுவிட்டுப் போனால் இன்னும் சீக்கிரம். அண்ணனிடம் சொன்னால் "ஆமாம் தம்பி" என்பார். மறுநாள் போய்ப் பார்த்தால் பெட்டி டேஷ்போர்டில்தான் இருக்கும்.

எங்கள் கடை ரசீது வெப்பத்தாளில் அச்சாவது, சில மாதத்தில் வெள்ளைத்தாளாகிவிடும். அதனால் ரசீதையும் அட்டையில் இருக்கும் வரிசை எண்ணையும் படம் பிடித்து அக்காவின் கைப்பேசியில் போட்டுவைத்தேன். ஆ ஜோடிக்கு உத்தரவாதம் கேட்டபோது நாங்கள் காட்டியது அந்தப் படத்தைத்தான்.